அச்சுக்குள் கை வைத்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி பொழிச்சலூரிலிருந்து தொலைபேசியில் சொன்னார். பல்லாவரத்தில் எங்களோடு வேலை பார்த்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் இயந்திரம் ஒன்றுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தோம். அக்காவும் நானும் அதன் பொறியாளர்கள். உள்ளே இருந்த நுண்செயலிக்கு நினைவகமும் சில முகவரிகள்தான். இயந்திரத்தின் வால்வும் ஒரு முகவரிதான். நினைவக முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அது அங்கே பதிந்து கிடக்கும். வால்வின் முகவரியில் எழுதினால் அச்சின் கீழே உள்ள இரும்புத் தட்டு மேலெழுந்து அழுத்தும். “எழுதுறதும் அசைக்கிறதும் இதுக்கு ஒண்ணுதான். அதான் எனக்கு பயம்” என்பார் அக்கா.

பெருங்களத்தூர் தொழிற்சாலையில் நாம் எல்லோரும் சேர்ந்து பொருத்திய அன்றே பெட்டி தடுமாறியது. பொறுமையிழந்த எங்கள் மேலாளர் நினைவகச் சோதனையை ஓடவிட்டார். ஒவ்வொரு முகவரியிலும் ஓர் எண்ணை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை அது. தொழிலாளி காசி அப்போது அச்சுக்குள் கையை விட்டு, ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போயின.

“எது வரைக்கும் சார் எழுதும்?” என்றார் அக்கா.

“கடைசி அட்ரஸ் வரைக்கும்” என்றார் மேலாளர்.

வால்வின் முகவரியும் அந்த வரிசையில்தான் இருந்தது. “காசி, கையை எடு!” என்று கத்திக்கொண்டே அக்கா ஓடி மெயின் சுவிட்சை இழுத்தார். அதற்குள் கீழ்த்தட்டு எழும்பிவிட்டிருந்தது. மின்சாரம் போனதும் தொப்பென்று இறங்கியது. காசியின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

“இன்னாக்கா இது, நான் ஒண்ணுமே தொடலியே!” என்று அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை. அந்த டெஸ்டை எடுத்துட்டு இன்னிக்கே டெலிவரி குடுத்துடலாம்.”

“ப்ரோக்ராம்ல சின்னத் தப்பு வந்தாலும் அதே அட்ரஸ்ல போய் எழுதும் சார். அச்சுக்கு முன்னால ஒரு கதவு வெச்சு, அது மூடினாத்தான் வால்வுக்கு கரண்ட் போகணும். ப்ரோக்ராமை நம்பாம அதுக்குத் தனியா ஒயர் இழுக்கணும்.”

“அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா. இப்ப சேஃப்தான்.”

அக்கா மெயின் சுவிட்சை மறுபடி போட்டார். திரும்பி வந்து தன் வலது கையை அச்சுக்குள் வைத்தார். “அப்ப ஓட்டிக் காட்டுங்க சார்.”

மேலாளரின் விரல் பொத்தான் வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவும் தனி ஒயரும் வந்த பிறகுதான் அந்தப் பெட்டியை ஒப்படைத்தோம்.

அன்று மாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவின் வலது கை உதற ஆரம்பித்தது. டிக்கெட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. “கொஞ்சம் புடிச்சுக்கோடி” என்றார். தாம்பரம் வரும் வரை என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். உதறல் நிற்கவேயில்லை.

அவருடைய துணிச்சலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அந்த உதறலை நான் வைத்திருக்கிறேன்.