அம்மன் காட்டுக் குருத்து

கொல்லிமலையில் எங்கள் சின்னத் தேவாலயத்தை ஒட்டி ஒரு மருந்தறை இருந்தது. சமவெளியில் நர்ஸ் படிப்பை முடித்த என்னை அங்கே அமர்த்தியிருந்தார்கள். பிரசவம் என்றால் முதலில் சாமான்களை வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம்: கொதித்த தண்ணீர், நூல், கத்தரி, டிங்சர், பழந்துணி, இரத்தப்போக்கை நிறுத்தும் எர்காட். அந்தக் குருத்தோலை ஞாயிறு காலையில் பாதியிலேயே தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கட்டிலில் கிடந்தவள் ஊர்க்கவுண்டரின் மருமகள். வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்காததால் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். சபையைச் சேராத வீட்டுப் பெண் பிரசவத்துக்கு எங்களிடம் வந்தது அதுதான் முதல் தடவை. மாமியார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே பாட்டு திடீரென நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பவனிக்குப் புறப்பட்ட எங்கள் சபையார் கையில் ஓலையோடு முற்றத்தில் நிற்க, ஊர் ஆண்கள் சுற்றி வளைத்திருந்தார்கள்.

மலைமேல் தென்னை இல்லை. அடிவாரத்திலிருந்து ஓலை கொண்டுவரும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மலைக்குப் புதியவரான எங்கள் உபதேசியார் விடியற்காலையில் தாமே போய், கண்ணில் பட்ட ஈச்சங்குருத்தை வெட்டி வந்துவிட்டார். வெட்டிய இடம் அம்மன் காடு. அங்கே விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட ஊரார் எடுப்பதில்லை.

“தெரியாமப் பண்ணிட்டேனுங்க” என்றார் உபதேசியார்.

“ஊருக்கே தெரியும், உமக்கு மட்டும் தெரியாதா?” என்று ஒருவன் சீறினான். “உங்க சாமிக்கு எங்க ஆத்தா ஊட்டுலயா ஓலை வெட்டணும்?”

அம்மன் கோயில் பூசாரி கையை உயர்த்தினார். “ஆரும் ஓலையைத் தரையில வெக்காதீங்க. மண்ணுல பட்டா ஆத்தா காவு கேப்பா. உள்ள கெடக்கற புள்ள தாய் வேற சேய் வேற ஆகட்டும். அப்பறம் கொண்டுபோய் ஆத்தாகிட்டயே ஒப்படைச்சரலாம். ஆகலீன்னா அது அவ கோவம். நீங்க அத்தன பேரும் மலைய உட்டு எறங்கிரோணும்.”

ஊர்க்கவுண்டர் மருந்தறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையார் எல்லோருக்கும் இங்கேதான் நிலமும் மாடும். ஆனாலும் அவர்களை நினைத்தால் கை ஓடாது. ஜன்னலைச் சாத்தினேன். அவள் நாடி வேகமாக ஓடியது, பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்டது, தலை வெளிவர வாகாகத் திரும்பியிருந்தது. “முக்கு கண்ணு, இன்னொருக்கா முக்கு” என்று மாமியார் கெஞ்சினாள்.

பிள்ளை நீலம் பாரித்து வந்தது. வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டினேன். சத்தமில்லை. வாயோடு வாய் வைத்து மெல்ல ஊதினேன். ஒரு விக்கல். அப்புறம் அழுகை.

வெளியே ஆரவாரம் எழுந்தது. அதே நேரத்தில் என் காலடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. குனிந்து பார்த்தேன். இரத்தம்.

நஞ்சுக்கொடி விழுந்த பின்னும் அது நிற்கவில்லை. எர்காட் கொடுத்தேன். வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திப் பிசைந்தேன். மாமியார் தரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கொடி அறுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்த பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“எறக்காதீங்க! ஓலைய எறக்கீராதீங்க! தாயி இன்னும் பொழைக்கல!”

முற்றம் அடங்கிப்போனது. தூக்கிப் பிடித்துக் கை கடுத்த சபைக் குழந்தை ஒன்று விசும்புவது உள்ளே கேட்டது. கர்ப்பப்பை என் விரலுக்கடியில் ஈரத்துணி போல் தொளதொளவென்று இருந்தது. இவள் போய்விட்டால் வெளியே போய் என்ன சொல்வேன், எந்தச் சொல்லை முதலில் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே பிசைந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அது இறுகியது. போக்கு குறைந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“ஏனுங்க,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே, “வயித்துலயா களி கிண்டறீங்க?”

மாமியார் அழுதுகொண்டே சிரித்தாள். “பேசறா! வாய் மட்டும் கொறையல பாருங்க!” என்று வாசலில் போய்க் கத்தினாள்.

வெளியே பூசாரி ஏதோ சொல்ல, காலடிகள் காட்டுப் பக்கம் நகர்ந்தன. உபதேசியாரை முன்னால் நடக்கவிட்டார்கள் என்று மாமியார் பார்த்துச் சொன்னாள். அங்கே அவரை என்ன செய்வார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தத்தில் உபதேசியாரின் குரலும் கேட்கும்வரை அவள் வயிற்றிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.