வாவியில நான் பொறுக்கின போத்தல்கள்

நான் சந்தேகக்காரி. இதில மறைக்க ஒண்டுமில்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மணந்து பாத்துத்தான் வாங்குவன். படிப்பிச்ச காலத்தில ஒரு பிள்ளை வயித்துவலி எண்டு சொன்னா எந்தப் பக்கம் எண்டு கேட்டு, பத்து நிமிசம் கழிச்சு மறுகாலும் கேப்பன். பக்கம் மாறினா வீட்டுக்கு விடமாட்டன். "நீ பொலிசுக்குப் போயிருக்க வேணும்" எண்டு என்ட மனுசன் சொல்லுவார். அதை நான் பாராட்டு எண்டுதான் எடுத்திருந்தன்.

பென்சன் எடுத்த கையோட முழங்கால் பிடிச்சுக்கொண்டுது. ரோட்டில நடக்க ஏலா. சுவிசில இருந்து லீவுக்கு வந்த தம்பி, காத்தடிச்சுத் தண்ணியில விடுற பலகை ஒண்டையும் நீளத் துடுப்பையும் தந்து, "அக்கா, இதில நிண்டு வலிச்சுப் பாருங்க, காலுக்கு நல்லம்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். நாவற்குடாவில எங்கட வளவுக்குப் பின்பக்கம் வாவிதான். முதல் கிழமை விழுந்து விழுந்து பாதி வாவியைக் குடிச்சிருப்பன். சுடிதாருக்கு மேல லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நான் எழும்பி நிக்க, "டீச்சருக்கு மூளை தட்டிட்டுது போல" எண்டு கரையில ஒருத்தர் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டது. சொல்லட்டும் எண்டு விட்டன்.

ஒரு மாசத்தில பழகிட்டுது. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு இறங்கினா, கல்லடிப் பாலத்துக்குக் கீழால போய், புளியந்தீவில கோட்டை மதில் தெரியிற வரைக்கும் வலிச்சுப்போட்டுக் கிறுகி வருவன். மேல பாலத்தில பஸ் கோர்ன் அடிச்சுக்கொண்டு போகும். கீழ தண்ணி அசையாமக் கிடக்கும். முழங்கால் இருக்கிறதே மறந்து போகும். ஆனா அந்தத் தண்ணியில ஊர் குடிச்சு எறிஞ்ச போத்தல் எல்லாம் மிதக்குதே, அதைப் பாத்தா எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு உரப்பையும் சின்னக் கத்தியும் கொண்டுபோகத் தொடங்கினன். சில போத்தல்ல தங்கூசி எண்டுற நைலோன் நூல் சிக்கிக் கிடக்கும். இழுத்தா வராது. வெட்டி எடுத்துப் பையில போடுவன். நகரசபை செய்யாத வேலையை நான் செய்யிறன் எண்டு எனக்குப் பெரிய எண்ணம்.

அப்பதான் அந்த ஆளைக் கண்டன். தோணியில தனிய ஒருத்தர். சாரன், வெள்ளைத் தொப்பி, நரைச்ச தாடி. முஸ்லிம் ஆக்கள் இருக்கிற காத்தான்குடிப் பக்கமிருந்து வாறவர். துடுப்பு வலிக்கிறதை விட்டுப்போட்டுத் தண்ணியைப் பாப்பார். மறுகா என்னைப் பாப்பார். அடுத்த நாளும் அப்பிடித்தான். நான் பாலத்துக்கு அங்கால போனா அவரும் அங்கால, நான் கிறுகினா அவரும் கிறுகுவார். மூண்டாம் நாள் தோணியைக் கிட்டக் கொண்டுவந்திட்டார்.

"அக்கா, இந்தப் பக்கம் வேற ஆரும் வந்தாங்களா?"

தனிய நிக்கிறனா எண்டு வேவு பாக்கிறான் எண்டு நினைச்சன். "என்ட மனுசன் பின்னால வாறார்" எண்டு வாய்கூசாமப் பொய் சொன்னன். அந்த மனுசன் வீட்டில குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது. தோணிக்காரர் "சரி அக்கா" எண்டார். போகக்குள்ள என்ட பையை ஒரு பார்வை பாத்தார். நான் உடன காலைத் தூக்கிப் பைக்கு மேல வைச்சன். வெறும் போத்தலைக் களவெடுத்து ஒருத்தன் என்ன செய்வான் எண்டு யோசிக்க எனக்குப் புத்தி வரல்ல.

வீட்டில சொன்னன். "நண்டுக்கு வாற ஆளா இருக்கும், விடு" எண்டு சொல்லிட்டு மனுசன் பேப்பரைப் பிரிச்சுக்கொண்டார். நான் விடல்ல. பின்னேரமே எங்கட கரையில மீன்பிடிக்கிற ஆக்களின்ட சங்கத் தலைவரிட்டப் போய், ஒருத்தர் பொம்புளையளுக்குப் பின்னால சுத்துறார் எண்டு சொன்னன். பொம்புளையள் எண்டு பன்மையில சொன்னதும் நான்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த ஊர் ஆள்?" ஊரைச் சொன்னன். அவர் தலையை ஆட்டினார். வேற ஒண்டும் விசாரிக்கல்ல. தமிழாக்களின்ட கரையில அந்த ஊர்ப் பேரே போதும் எண்டு எனக்கும் தெரியும். அது தெரிஞ்சும் சொன்னதுதான் இப்பவும் என்னைக் குத்துது.

ரெண்டு நாளில தோணியைக் காணல்ல. இந்தப் பக்கம் இனி வலை போடக்கூடாது எண்டு சங்கத்தில சொல்லி அனுப்பிட்டாங்களாம். நான் மகாராணி மாதிரி நடு வாவியில வலிச்சுத் திரிஞ்சன்.

அந்தக் கிழமைதான் வீடு வீடா நண்டு விக்கிற பொம்புளை எங்கட வளவுக்குள்ள வந்தா. நான் சட்டி எடுக்கப் போக, அவ உரப்பைக்குள்ள குனிஞ்சு பாத்திட்டுச் சத்தம் போட்டா.

"ஐயோ டீச்சர்! இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீங்க?"

"ஏன்? குப்பை."

"குப்பையா? நண்டு வலையின்ட மிதப்பு இது! வலை கிடக்கிற இடம் தெரியத்தானே போத்தல் கட்டிவிடுறது. இந்தா, சிவப்பு நூல். இது தோணியில வாற அந்தக் காத்தான்குடிக் காக்காட அடையாளம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நிறம். போத்தலை வெட்டினா வலை அடியில கிடக்கிற இடமே தெரியாமப் போயிரும். ஆரோ களவெடுக்கிறாங்க எண்டு அந்த மனுசன் பைத்தியம் மாதிரித் தேடித் திரிஞ்சார். இப்ப வலையும் இல்ல, போட இடமும் இல்ல."

பையைக் கொட்டிப் பாத்தன். ஏழு போத்தல்ல சிவப்பு நூல். ஏழிலயும் மூடி இறுக்கி இருந்தது. குப்பைக்கு எறியிறவன் மூடியை இறுக்குவானா? காத்தடிக்கிற பக்கம் போகாம ஒரே இடத்தில ஏன் நிண்டது? உலகத்தில எல்லாத்தையும் சந்தேகப்பட்ட நான் இதை மட்டும் சந்தேகப்படல்ல.

சங்கத் தலைவரிட்ட ஓடினன். நான் சொன்னது பிழை, அவரை வரவிடுங்க எண்டன். அவர் சிரிச்சார். "விடுங்க டீச்சர். நம்மட ஆக்களுக்கு இப்ப இடம் கிடைச்சிட்டு. ஏன் கிளறுறீங்க?" எனக்கு வந்த கோவத்துக்கு அவரைத் திட்ட வாய் வந்தது. என்ன மூஞ்சியோட திட்டுறது? கதையைத் தொடக்கினது நான்.

அடுத்த நாள் விடிய, வழமைக்கு மாறித் தெற்கால வலிச்சன். பையைக் காலுக்கிடையில வைச்சிருந்தன். அவர் கரையில தோணிக்குப் பக்கத்தில குந்தியிருந்து, மிச்சமிருந்த ஒரு வலையின்ட கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பலகையை விட்டு இறங்கி, பையை அவருக்கு முன்னால கொட்டி, ஒண்டும் விடாமச் சொன்னன். வெட்டினதையும் சொன்னன், சங்கத்தில போய்ச் சொன்னதையும் சொன்னன்.

அவர் ஒரு போத்தலை எடுத்துச் சிவப்பு நூலைத் தடவினார்.

"தெரியும் அக்கா. அண்டைக்கே உங்கட பைக்குள்ள சிவப்பாத் தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சா ஏன் கேக்கல்ல?"

"பொம்புள ஆள். படிப்பிச்ச ஆள் எண்டு சொன்னாங்க. பையத் திறந்து காட்டுங்க எண்டு எப்படிக் கேக்கிற? என்ட கண்ணு பிழைச்சிருந்தா உங்களுக்கு எவ்வளவு வெக்கம்."

நான் கரையில நிண்டு அழுதன். அவர் போத்தல்களை ஒவ்வொண்டா எண்ணித் தோணிக்குள்ள போட்டார். மறுகா, "எந்தெந்த இடத்தில வெட்டினீங்க எண்டு நினைவு இரிக்கா?" எண்டு கேட்டார்.

"இருக்கு. எல்லா இடமும் இருக்கு. வாங்க, காட்டுறன்."

"அங்கால வரக்கூடாதெண்டு சொல்லியிரிக்காங்களே அக்கா."

"நான் முன்னால இருக்கிறன். தோணியை இறக்குங்க."

பலகையைத் தோணிக்குப் பின்னால கட்டினம். நான் தோணியின்ட முன்பக்க அணியத்தில, எல்லாருக்கும் முகம் தெரிய இருந்தன். எங்கட கரையைத் தாண்டக்குள்ள வலை உதறிக்கொண்டு நிண்ட ஆக்கள் எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. தலைவரும் நிண்டார். "என்ன டீச்சர் இது?" எண்டு கத்திக் கேட்டார்.

"போத்தல் களவெடுத்தது நான்தான்" எண்டு நானும் கத்திச் சொன்னன்.