உட்காராத சிஸ்டர்

மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்குப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்த வார்டில், அந்த சிஸ்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம் அது. ஒல்லியான உடம்பு, வியர்வை வழியும் நெற்றி. கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஒரு சொட்டு புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார்.

என் மூன்று வயது மகளுக்குக் கண் குழி விழுந்துவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிளகு கிட்டங்கியில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர், பிள்ளைக்குத் தெம்பு வரட்டுமென்று ரேஷன் சர்க்கரையை ஒரு கை அள்ளி டம்ளரில் போட்டுவிட்டார்.

சிஸ்டர் நக்கிப் பார்த்தார். உடனே டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தார்.

“சர்க்கரை நல்லதுதானே?” என்று இவர் எகிறினார்.

“அளவாப் போட்டா, சர்க்கரை உப்பையும் கூட்டிக்கிட்டு குடல்லேர்ந்து உடம்புக்குள்ள போகும், சேட்டா. பின்னாலேயே தண்ணியும் போகும். கூடிப்போனா, உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்கு இழுத்துரும்.”

புதிதாகக் கலக்கித் தந்தார். ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். வந்து வந்து, “மோள் மூத்திரம் போனாளா?” என்று கேட்டார். பிள்ளை துவண்டு கிடக்கிறாள், கேட்கிற கேள்வியைப் பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் மகள் படுக்கையை நனைத்துவிட்டாள். சிஸ்டர் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்.

“மூத்திரம்தான்! உடம்புல தண்ணி ஏறியாச்சு, இனி பயப்படண்டா” என்றவர், வெள்ளை உடுப்போடு அந்த ஈரத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.