தங்கையின் கை

தெருவில் எல்லாருக்கும் அவள் அச்சக்கா. ரப்பர் தகட்டில் பறவை, மரம், ஜன்னலோரப் பூனை என்று படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுத்து விற்பவள். தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து விரல்களெல்லாம் வெடித்து, நகக்கண்கள் கறுத்துப்போயிருந்தன.

வளைவு செதுக்கும்போது மட்டும் கத்தி ஏன் வழுக்குகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து, தான் வேலை செய்வதைத் தானே படம் பிடித்துப் பார்த்தாள். நாலாம் நாள் பிடிபட்டது. அவள் கத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்ப வேண்டியது தகட்டை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் செதுக்கும்போதே பதிவுசெய்து, எங்கே தவறியது, ஏன் தவறியது என்று நோட்டில் எழுதிவைத்தாள்.

கூட இருந்த தங்கைதான் யோசனை சொன்னாள். "இவ்வளவு எடுத்து வெச்சு நீ மட்டும் பார்த்தா எப்படிக்கா? இணையத்துல போட்டா நாலு பேரு பார்த்துட்டு உன் அச்சுப் படத்த வாங்குவாங்கல்ல?"

போட்டார்கள். வாங்கியது இரண்டு பேர். மற்றவர்கள் எழுதியதெல்லாம் கையைப் பற்றித்தான். 'கைக்கு என்ன வியாதி?' 'சாப்பிடும்போது பார்த்துத் தொலைச்சேன்.'

தங்கை தயங்கித் தயங்கி வந்தாள். "கோவிச்சுக்காதக்கா. செதுக்குறது நீயே செதுக்கு. வீடியோவுல மட்டும் என் கை இருக்கட்டும்."

"ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே, யாரு கையா இருந்தா என்ன? அதுவும் இவ கை, ஒரு தட்டு கழுவி அறியாத கை. பளபளன்னு இருக்கும்" என்றாள் அம்மா.

அச்சக்காவும் சிரித்துவிட்டாள். அவள் செதுக்கி முடித்த கோடுகளின் மேல் தங்கை கத்தியை நகர்த்தினாள். தாளை மெதுவாக உரித்துக் காட்டினாள். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். படங்கள் விற்றன. தங்கள் மோதிரத்தை அந்தக் கையில் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு நகைக்கடையிலிருந்துகூடக் கடிதம் வந்தது.

பிறகு ஒரு கலைப் பள்ளி வகுப்பெடுக்க அழைத்தது. "நீ போக்கா" என்றாள் தங்கை. இருவருமே போனார்கள். வாசலில் நின்ற பள்ளிப் பொறுப்பாளர் தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அச்சக்காவின் விரல்களைப் பார்த்துவிட்டு, "பையை அந்த ஓரமா வெச்சுடுங்கம்மா" என்றார். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

முப்பது பேர் முன்னால் தங்கை வளைவு செதுக்கினாள். கத்தி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. பின்வரிசையில் நின்ற அச்சக்காவால் பொறுக்க முடியவில்லை.

"கத்தியத் திருப்பாத. தகட்டத் திருப்பு!"

பொறுப்பாளர் திரும்பினார். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா. சொல்லிக் குடுக்கத்தான் அவங்க வந்திருக்காங்க."

கூடமே தங்கையைப் பார்த்தது. தங்கையின் முகம் சிவந்தது. "ஆமா... தகட்டத்தான் திருப்பணும்" என்றாள். "என் வேலைய நானே படம் பிடிச்சுப் பார்த்துத்தான் இதக் கண்டுபிடிச்சேன்."

எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில் தங்கை அழுதாள். "உண்மைய சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. எல்லாரும் பார்த்துட்டே இருந்தாங்க."

"நானும்தான் பார்த்துட்டே இருந்தேன்" என்றாள் அச்சக்கா.

அதன்பின் அவள் தங்கைக்காக ஒரு கோடுகூடச் செதுக்கவில்லை. சண்டையும் போடவில்லை. அலுவலக முத்திரை செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எழுத்தை வெட்டுவது இயந்திரம். பிசிறு துடைப்பது அவள். தங்கை தானே செதுக்கக் கற்றுக்கொண்டாள். பறவைகள் கொஞ்சம் கோழி மாதிரிதான் வந்தன. வாங்குகிறவர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்தாலும் குறையாகப் படவில்லை.

காலையில் இருவரும் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா, தண்ணீர் பிடித்தாயிற்றா என்று பேசிக்கொள்வார்கள். அதற்குமேல் பேச்சு போவதில்லை.