ரெஜிலாவின் பென்சில்

முதலில் பென்சில்தான். கொண்டையில் செருகியிருப்பதை உருவி, நுனியை உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டு, ரெஜிலா விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்குவாள். நிரப்பியதை எதிரில் இருப்பவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டுவாள். அவர் மூன்று முறை தலையாட்டினால்தான் பேனா வெளியே வரும். "மையில எழுதிட்டா பின்ன அழிக்க ஒக்காது, பாத்துக்கிடுங்க."

குழித்துறையில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷின் மக்கர் பண்ணினால் விலாவில் ஒரு தட்டு தட்டுவாள். அதுவும் பயந்து வேலை செய்யும். வயது நாற்பது இருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் நான்தான். அருமனைப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் வாத்தியாராக இருந்தேன். பிள்ளையைச் சேர்க்க வருபவர்களில் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் மே முப்பத்தொன்று போட்டுவிடுவேன். ரெஜிலாவும் அந்தக் கணக்கில் பிறந்தவள்தான். வருடாவருடம் அன்றைக்கு என் கையில் முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றைத் தந்து, "இது நீங்க தந்த பெறந்தநாளாக்கும் சாரே" என்பாள். குத்தலா நன்றியா என்று யோசிப்பதற்குள் நான் அதைத் தின்று முடித்திருப்பேன்.

அவள் கடைக்கு அகதிகள் முகாமிலிருந்து ஆட்கள் வருவார்கள். இந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் பேரப்பிள்ளைகள். கலவரத்துக்குத் தப்பிப் படகேறித் திரும்பி வந்தவர்கள். குடியுரிமைக்கு எழுதிப்போட வேண்டும். பேர், ஊர் கேட்பதற்கு முன்னால் ரெஜிலா கேட்கும் கேள்வி ஒன்றுதான். "படகுல என்னெல்லாம் கொண்டு வந்திய?" போர்வை, குக்கர், சாமிப் படம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அதற்குள் எங்கேயாவது ஆதாரத்துக்கு ஒரு தாள் இருக்கும்.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், சேவை செய்கிறேன் பேர்வழி என்று நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். 2013இல் அவள் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் நாகர்கோவில் போனாள். அந்த இரண்டு நாளில் பதினோரு விண்ணப்பங்களை முடித்து, அலுவலகத்தில் கொடுத்தும் விட்டேன். எல்லாம் மையில். பள்ளிக்கூடத்தில் வழியனுப்பும்போது தந்த தங்க மூடிப் பேனா. எழுத்து முத்து முத்தாக இருந்தது; நானே இரண்டு தடவை ரசித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதினொன்றும் திரும்பி வந்தன. பதினோரு பேரும் மே முப்பத்தொன்றாம் தேதி பிறந்தது எப்படி? பதினைந்து நாளில் ஆதாரம் வேண்டும்.

ரெஜிலா திட்டவில்லை. "சாரே, இவிய ஒண்ணாங்கிளாசிலயா சேரப் போறாவ?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முகாமுக்கு நடையாய் நடந்து பத்துப் பேருக்கு ஏதோ ஒரு தாளைத் தேடிப் பிடித்தாள். முத்துக்கனி ஒருத்திக்குத்தான் கிடைக்கவில்லை. அவள் மகள் நர்ஸிங் முடித்திருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை தயார்; பாஸ்போர்ட்தான் இல்லை. தாயின் விண்ணப்பம் நகர்ந்தால்தான் மகளுடையது நகரும்.

கடைசி நாள் முத்துக்கனியை எதிரில் உட்காரவைத்து, ரெஜிலா மறுபடியும் ஆரம்பித்தாள். "படகுல என்னெல்லாம் கொண்டு வந்திய?"

"எல்லாம் சொல்லிட்டேங்க."

"சொல்லாதது?"

முத்துக்கனி என்னைப் பார்த்தாள். "ஒரு அட்டை இருக்குங்க. அன்னிக்கே காட்டினேன். சார் அது செல்லாதுன்னுட்டாங்க."

முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தாள். தேயிலை பறிக்கும் தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தின் அட்டை. நான்காய் மடித்து, மடிப்பில் கிழிந்து, தோட்டத்து முத்திரையோடு இருந்தது. பிறந்த நாள்: 14 மார்ச் 1961. எனக்கு நன்றாக நினைவு வந்தது. பால்வாடிச் சீட்டெல்லாம் எதற்கம்மா என்று திருப்பிக் கொடுத்தவன் நான்தான். கண்ணாடியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

ரெஜிலா தேதியை வாசித்துக் காட்டினாள். முத்துக்கனிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"அப்ப எனக்குன்னு ஒரு நாள் இருக்குங்களா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வெட்கத்தில் கலங்கியதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

புதிய விண்ணப்பம். பென்சில். முத்துக்கனி மூன்று முறை தலையாட்டினாள். ரெஜிலா கையை நீட்டி என் சட்டைப்பையிலிருந்த தங்க மூடிப் பேனாவை எடுத்து, எழுத்தின் மேல் எழுத்தாக மையிட்டு முடித்து, கையெழுத்துப் போட முத்துக்கனியிடம் தந்தாள். அவள் அட்டையையும் தாளையும் மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து அலுவலகத்துக்குள் போகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் பேனாவுக்காகக் கையை நீட்டினேன். ரெஜிலா அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பிறகு பென்சிலின் நுனியை உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டு, என் சட்டைப்பையில் செருகினாள்.