டார்லா ப்ரூயட் போட்ட ஊளை

டார்லா ப்ரூயட் வீட்டு வாசல் கதவு அந்த வருடம் முழுக்க வெறும் பிரைமர் அடிப்பூச்சோடு நின்றது. மேலே என்ன நிறம் அடிக்கப் போகிறாள் என்று பெல்ஃபோர்ட் ஊரே காத்திருந்தது. நான் எதிர்வீட்டுக்காரன், பெயர் லைல். ஓய்வுபெற்ற தபால்காரன் வேறு. வேடிக்கை பார்க்க எனக்கு இருந்த வசதி வேறு யாருக்கும் இல்லை.

அதற்கு முன் அந்தக் கதவு நல்ல மெரூன் நிறத்தில் இருந்தது. மெரூன் எங்கள் கல்லூரியின் நிறம். அவள் மகன் கோல்பி மேல்நிலைப் பள்ளி முடிக்கும் வருடம், பள்ளி ஜிம்மில் மேஜை போட்டு, கூடைப்பந்து ஆட அவனைக் கூப்பிட்ட மூன்று கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்தார்கள். எந்தத் தொப்பியை எடுக்கிறானோ அந்தக் கல்லூரி. எங்கள் பக்கத்தில் அது ஏறக்குறைய கல்யாண நிச்சயம் மாதிரி. உறவெல்லாம் வரும், கேக் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கோல்பி கையை நீட்டுவதும் இழுப்பதுமாகக் கொஞ்ச நேரம் எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டு, கடைசியில் மெரூன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். முழு உதவித்தொகை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி செலவு. டார்லா அழுத அழுகையில் கேக்கின் ஒரு பக்கம் நனைந்துவிட்டது என்று இன்றுவரை சொல்வார்கள். நானும் சொல்வேன்.

மறுநாளே கதவு மெரூன் ஆனது. கார் சீட்டு உறை, தபால் பெட்டி, நாயின் கழுத்துப் பட்டை எல்லாம் மெரூன். நாய்க்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் அவளிடம் யார் போய்ச் சொல்வது? இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள் என்றால், கடைசி சீட்டில் சண்டை போடும் பையன் தானாகக் கையைக் கட்டிக்கொள்வான். ஊரில் இன்று கல்லூரிக்குப் போகும் பாதிப் பிள்ளைகள் அந்தப் பார்வையில் வளர்ந்தவர்கள்தான்.

கோல்பி இரண்டு வருடம் எங்களுக்காக ஆடினான். மோசமில்லை. பிறகு ஒரு வசந்த காலத்தில், எங்கள் கோச் ஹடில்ஸ்டன் அரிசோனாவிலிருந்து அதே இடத்தில் ஆடுகிற ஒருவனைக் கொண்டுவந்தார். கோல்பியைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, அடுத்த வருட உதவித்தொகையைப் பற்றி "பாக்கலாம்" என்றார். கோச் வாயிலிருந்து 'பாக்கலாம்' வந்தால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். கோல்பி கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலில் பெயரைக் கொடுத்தான்.

இப்போதெல்லாம் எல்லோரும் கொடுக்கிறார்கள். முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். இப்போது மாறிய கையோடு ஆடலாம். அதனால் பருவம் முடிந்ததும் அணியில் பாதி கிளம்பிவிடும், வேறு பாதி வந்து இறங்கும். அந்த வருடம் எங்கள் அணியில் பழைய முகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாங்கள் அதற்கெல்லாம் சங்கடப்படவில்லை. வெளியிலிருந்து இங்கே வந்தவன் திறமைசாலி, இங்கிருந்து வெளியே போனவன் துரோகி. இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

கோல்பி வேறு எங்கே போயிருந்தாலும் மறந்திருப்போம். அவன் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டன்மோர் கல்லூரிக்கு. அவர்கள் நிறம் ஊதா. பெல்ஃபோர்ட்டில் பிறந்த குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது டன்மோர் மீதான வெறுப்பைத்தான்.

அந்தச் செய்தியை அவன் அம்மாவுக்குப் போனில் சொன்னான். டார்லா அப்போது பள்ளி வாசலில் பேருந்தை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகன்தானே என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். பேருந்து கடைசி நிறுத்தத்தை அடைவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இறங்கிய ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அத்தனை வருடம் தபால் போட்ட எனக்குக்கூட அந்த வேகம் வந்ததில்லை.

அந்த வார இறுதியில் டார்லா கதவைத் தேய்த்து மெரூனை எடுத்தாள், பிரைமர் அடித்தாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். ஹார்டுவேர் கடை கஸ் சும்மா இருப்பானா.

"ஊதா பெயின்ட் நம்ம கடையில கிடையாது டார்லா. ஆத்தத் தாண்டித்தான் போகணும்."

"நான் கேட்டேனா? ஆணி குடு. உன் வாய்ல அடிக்கிற சைஸா பாத்துக் குடு."

என்றாலும் எங்கள் கல்லூரி ஆட்டங்களுக்கு வருவதை அவள் விடவில்லை. ஆறாவது வரிசை, நடைபாதை ஓரம், என் பக்கத்து இருக்கை. கோல்பி பிறப்பதற்கு முன்பிருந்தே அது அவளுடைய இடம். இங்கே மெரூனுக்காகக் கத்துவாள். வீட்டுக்குப் போய் டன்மோர் ஆட்டத்தை ரேடியோவில் கேட்பாள். சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள், ஆனால் அவன் பந்து போடும்போதெல்லாம் அவள் துள்ளுவாள், நாய் குரைக்கும். எனக்கு ஸ்கோர் அப்படித்தான் தெரியும்.

பிப்ரவரியில் டன்மோர் அணி எங்கள் அரங்கத்துக்கு ஆட வந்தது. சனிக்கிழமை மதியம். அதற்கு முந்தைய வாரமெல்லாம் ஊரில் வேறு பேச்சே இல்லை. மாணவர்கள் கேலி அட்டைகள் எழுதினார்கள். முடிவெட்டும் கடையில் பெரியவர்கள் அவனைக் கேலி செய்து எந்தக் கணத்தில் ஊளையிடுவது என்று திட்டம் போட்டார்கள். கோல்பியின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்ன உடனே, நாலாயிரம் பேரும் ஒரே மூச்சில், கூரை இடிகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பனி கொட்டியிருந்தது. நான் வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். டார்லா தன் மண்வாரியோடு தெருவைத் தாண்டி வந்தாள்.

"கோல்பி போன் பண்ணான் லைல். நாளைக்கு நீ வராதேம்மாங்கிறான்."

"ஏனாம்?"

"எல்லாரும் ஊளையிடுவாங்களாம். அத நான் கேக்கக் கூடாதாம். வீட்லயே இரு, ரேடியோவயும் போடாதேங்கிறான்."

"அவன் சொல்றதும் சரிதானே. ஒரு ஆட்டம்தானே போகுது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பேருந்துப் பார்வை.

"நீ என்ன பண்ணப் போறே நாளைக்கு?"

"என்ன பண்ணுவேன், ஆட்டம் பாப்பேன்."

"அது கண்ணு பண்றது. வாய் என்ன பண்ணப் போகுது?"

நான் பனியை அள்ளுவதில் மும்முரமானேன். அவள் தன் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன், ஆனால் பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"வெளியூர்க்காரன் திட்டினா பரவால்ல. இவங்கல்லாம் என் பஸ்ல வந்த புள்ளைங்க லைல். அவன் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டவங்க. இவங்க வாய்லேருந்து அது வந்துச்சுன்னா, அவன் திரும்ப இந்த ஊருக்கு வருவானா? நான் இங்க இருந்து என்ன பண்றது?"

நான் தெருவைத் தாண்டினேன். அவள் வாசல் பனியையும் நானே அள்ளிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்றுதான் முடிவெட்டும் கடைப் பெரியவர்கள் உட்பட எல்லோரும் நினைத்தோம். வந்தாள். முழங்கால் வரை பழுப்பு கோட்டு. உள்ளே என்ன நிறம் போட்டிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தவர்களுக்குப் பட்டன்தான் தெரிந்தது. கையில் பாப்கார்ன். எனக்கும் நீட்டினாள்.

எங்கள் அரங்கத்தில் எதிரணியை அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். நீ யாரோ, எங்களுக்கு உன்னைப் பார்க்க நேரமில்லை என்று அர்த்தம். அன்றும் முதல் நாலு பேருக்கு அப்படியே செய்தார்கள். ஐந்தாவது பெயர் வரப்போகிறது என்றதும் தாள்கள் எல்லாம் கீழே இறங்கின. நாலாயிரம் பேர் மூச்சை இழுத்தார்கள். நானும் இழுத்தேன், பழக்க தோஷம்.

"கோல்பி..." என்று ஒலிபெருக்கி சொன்னதுதான் தாமதம். என் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஊளை கிளம்பியது பாருங்கள். டார்லா எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டாள். பாப்கார்ன் என் மடியில் கொட்டியது. ஒரு மூச்சு முடிந்ததும் அடுத்த மூச்சு எடுத்து மறுபடியும் ஊளையிட்டாள். பேருந்தின் கடைசி சீட்டு வரை கேட்க வைத்துப் பழகிய தொண்டை அது.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பெற்ற தாயே ஊளையிடுகிறாள் என்றால் அதற்கு மேல் மற்றவர்கள் போய் என்னத்தைச் செய்வது? இழுத்த மூச்சை நாலாயிரம் பேரும் மெல்ல வெளியே விட்டோம். எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு பலர் சிரித்தார்கள். முதல் வரிசையில் செவிட்டு ஜென்மம் ஒன்று மட்டும் தாமதமாக "ஊ" என்று ஆரம்பித்தது. டார்லா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கீழே கோல்பி, யாருடைய குரல் என்று தெரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். சிரிக்கிறானா, அழுகிறானா என்று ஆறாவது வரிசையிலிருந்து தெரியவில்லை.

ஆட்டம் நன்றாகவே இருந்தது. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. அந்த அரிசோனாக்காரன், கோச் கொண்டுவந்த அதே பையன், கோல்பியை இடித்துத் தள்ளினான். கோல்பிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடையில் போடும் வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூடைக்குப் பின்னால் மாணவர்கள் உட்காருகிற பக்கம். ஃப்ரீ த்ரோ போடுகிறவன் கவனத்தைக் கத்திக் கலைப்பது அவர்கள் கடமை. ஆனால் அன்று அவர்கள் எழுந்து நின்று, அட்டையைப் பாதி தூக்கி, டார்லாவைப் பார்த்தார்கள். அனுமதி கேட்டு நிற்கிறது ஒரு கூட்டமே.

"என்னை எதுக்குடா பாக்குறீங்க?" என்று அவள் கத்தினாள். "இது ஆட்டம். கத்துங்கடா நல்லா."

கத்தினார்கள். கூரை நிஜமாகவே ஆடியது. டார்லா உட்கார்ந்து, கோட்டின் காலரை மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கோல்பி இரண்டையும் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம். டன்மோரிடம் தோற்றது எனக்கு இன்னும் எரிகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிறபோது கோல்பி படியேறி வந்தான். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். கஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தான், கொஞ்சம் பலமாகவே. கோல்பி அம்மா முன்னால் வந்து நின்றான். ஆறரை அடி உயரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"நீயாம்மா ஊளையிட்டே?"

"வேற யாரு?"

"அவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ பண்ணிட்டா அவங்களால முடியாதுன்னுதானே?"

"அது ஒரு காரணம்."

"இன்னொண்ணு?"

"நிஜமாவே கோவம்."

அவன் தலையைக் குனிந்தான். "டன்மோருக்குப் போனேன்னா?"

"அதுக்கு யாருடா கோவப்பட்டா. உனக்கு ஆட எடம் குடுத்தாங்க, போனே. நாளைக்கு இன்னொரு ஊருக்குப் போ." டார்லா அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உன்னைத் திட்டப் போறாங்கன்னு தெரிஞ்சும் என்னை வராதேன்னு சொன்னே பாரு. அதுக்குத்தான்."

அவன் குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அந்த அணைப்பில் கோட்டின் பட்டன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. உள்ளே மெரூனும் இல்லை, ஊதாவும் இல்லை, அவள் தினமும் பேருந்து ஓட்டப் போட்டுக்கொண்டு போகிற பழைய நீலச் சட்டைதான். நான் மடியிலிருந்த பாப்கார்னைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.