கை ஆடும் வரைக்கும்

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வாட்ச் கடையில் வேலை செய்கிறேன். ரிப்பேர்தான் என் வேலை. முதலாளி சாப்பிடப் போனால் விற்பனையும் பார்ப்பேன். அப்படி ஒரு மத்தியானம் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் விமானப்படையில் விமானம் ஓட்டுபவர். தாம்பரத்திலிருந்து வடக்கே மாற்றலாகியிருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு வாட்ச் வேண்டும் என்றார்.

ஆறேழு எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் கட்டி, கையைச் சட்டென்று திருப்பி, ஒரே பார்வையில் மணி தெரிகிறதா என்று பார்த்தார். வாசலுக்குப் போய் வெயிலில் காட்டினார். கண்ணாடி பளபளத்துக் கண் கூசினால் கழற்றி வைத்துவிட்டார்.

அந்த அம்மா தங்க நிறத்தில் ஒன்றை நகர்த்தினார். "இதைக் கட்டுங்க. மாப்பிள்ளை மாதிரி இருக்கும்."

"மேல போனா யாரு பாக்கப்போறா?"

"இறங்கி வரும்போது நான் பாப்பேன்ல?"

கடைசியில் கறுப்பு முகமும் பெரிய வெள்ளை எண்களும் உள்ள ஒன்று அவருக்குப் பிடித்தது. "மேல இருக்கும்போது பேட்டரி தீந்துட்டா?" என்று கேட்டார்.

"பேட்டரி கிடையாது சார், ஆட்டோமேட்டிக். கை ஆடுற வரைக்கும் ஓடும்."

எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன். நீளமாகப் பேச எனக்குக் கூச்சம்.

"அப்போ கழட்டவே கூடாது" என்றார் அந்த அம்மா.

"கழட்டல, போதுமா?" என்று சிரித்தார் அவர்.

அடுத்த வருடம் அந்த அம்மா தனியாக வந்தார். கீழ்க்கட்டளையில் தன் தாய் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்து அந்த வாட்சை வைத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. முள் நாலு இருபதில் நின்றிருந்தது.

"ரிப்பேர் வேண்டாம்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலைல ஒன்பது மணிக்கு அவரு ப்ளேன் மலையில விழுந்துச்சாம். உடனே போயிட்டார்னு சொல்றாங்க. மறுநாள்தான் ஆள் போய்ச் சேந்துருக்காங்க. குளிக்கும்போதுகூட இதைக் கழட்டமாட்டார். கை ஆடுற வரைக்கும் ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ சாயங்காலம் நாலு இருபது வரைக்கும் அவரு உயிரோட கிடந்தாரா?"

நான் வாட்சை ஆட்டாமல் பிடித்திருந்தேன். ஆட்டினால் ஓடிவிடுமோ என்ற பயம். ஓடியிருந்தால், கீழே வைத்துக் காட்டியிருக்கலாம். அசையாமலே ஓடுவதை அந்த அம்மாவே பார்த்திருப்பார். ஆட்டாமலே திரும்பக் கைக்குட்டையில் வைத்தேன்.

"தெரியலைம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். வாட்ச்காரன் எவனுக்கும் தெரியும்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். உள்ளேயிருந்து முதலாளி கேட்டார்: "இன்னாய்யா, ஸ்ட்ராப்பாவது வித்தியா?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளைக்குப் போனேன். தெருத்தெருவாக நடந்தேன். யாரை நிறுத்தி என்னவென்று கேட்பது? திரும்பிவிட்டேன்.

அம்மா, கை நின்ற பிறகும் அந்த வாட்ச் ஒன்றரை நாள், அதற்கு மேலும் ஓடும். கை ஆடும்போது உள்ளே ஸ்பிரிங்கில் ஏறிய முறுக்கு தீரும்வரை அதுபாட்டுக்கு ஓடும். நாலு இருபது வாட்ச் நின்ற நேரம். அவர் போன நேரம் அல்ல. உங்களிடம் அவர்கள் சொன்னது சரிதான், அவர் உடனே போய்விட்டார். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எழுதியது, ஆவணி நான்காம் தேதி, புதன்கிழமை.